ஆல்பத்துக்குச் சொன்ன ‘சரி’

போனில் இடம் தீர்ந்துபோன நேரத்தில் யாரும் ஒப்பந்தம் படிப்பதில்லை. குழந்தையின் பிறந்தநாள் வீடியோ பாதியில் நின்றுவிடும், ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று திரை முறைக்கும், பக்கத்தில் இருப்பவர் ஏதோ ஓர் ஆப்பின் பெயரைச் சொல்வார். அதை இறக்கி நாலு இடத்தில் ‘சரி’ தட்டினால் பழைய படங்களெல்லாம் எங்கோ ஒரு சர்வருக்குப் போய்ச் சேரும். போன் லேசாகிவிடும், நாமும் மறந்துவிடுவோம்.

2015-இல் வந்த எவர் என்ற ஆப் இப்படிப்பட்ட அவசரத்துக்கென்றே பிறந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த எவரால்பம் என்ற நிறுவனம் அதை நடத்தியது. போனிலும் கணினியிலும் சமூக வலைத்தளங்களிலும் சிதறிக் கிடக்கும் படங்களை ஒரே இடத்தில் சேர்த்துப் பத்திரமாக வைத்துத் தருவது அதன் வேலை. உலகெங்கும் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் அதை நிறுவினார்கள். தமிழில் எழுதினால் ஆப்பின் பெயரே கேள்வியாகிவிடுகிறது: எவர்? யாருடைய முகம், யாருடைய சம்மதம் என்று இந்த வழக்கு கடைசிவரை கேட்டதும் அதைத்தான்.

2021 ஜனவரி 11 அன்று, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் எவரால்பத்தின் மீதான புகாரையும் சமரச உத்தரவையும் ஒன்றாக வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் உத்தரவு இறுதியானது. அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. ஆனாலும் தரவுரிமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சின்ன நிறுவனத்தின் வழக்கை இன்றைக்கும் எடுத்துப் பேசுகிறார்கள். அனுமதியில்லாமல் எடுத்த படங்களை அழிப்பதோடு ஆணையம் நிற்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மென்பொருளையும் அழிக்கச் சொன்னது.

நடந்தது என்ன

2017 பிப்ரவரியில் எவர் ஆப்பில் ‘பிரெண்ட்ஸ்’ என்ற வசதி வந்தது. உங்கள் ஆல்பத்தில் உள்ள முகங்களை ஆப்பே அடையாளம் கண்டு, ஒரே ஆளின் படங்களை ஒரு கட்டாகக் கட்டி, ‘இவர் யார்?’ என்று கேட்கும். நீங்கள் பெயரைப் போட்டால், பிறகு அந்தப் பெயரைத் தேடி அவர் இருக்கும் படங்களையெல்லாம் எடுத்துவிடலாம். இன்று பல போன்களில் இருக்கும் வசதிதான். அப்போது அது எல்லாருக்கும் தானாகவே இயங்க ஆரம்பித்தது. வேண்டாமென்று அணைக்க ஒரு பொத்தான்கூட இல்லை.

ஆணையத்தின் புகார் மனுவில் உள்ள அடுத்த செய்தி இன்னும் கனமானது. 2017 செப்டம்பருக்கும் 2019 ஆகஸ்ட்டுக்கும் இடையில் நிறுவனம் நான்கு முறை முகத் தொகுப்புகளைத் தயாரித்தது. பயனர்களின் படங்களிலிருந்து வெட்டியெடுத்த லட்சக்கணக்கான முகங்களோடு, பொதுவில் கிடைத்த முகத் தொகுப்புகளையும் கலந்துகொண்டது. இவற்றைக் கொண்டு முகமறிதல் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தது. அப்படி வளர்ந்த தொழில்நுட்பம் பிரெண்ட்ஸ் வசதிக்கும் போனது, நிறுவனம் தனியாக ஆரம்பித்த இன்னொரு வியாபாரத்துக்கும் போனது. எவர் ஏஐ என்ற பெயரில் நடந்த அந்த வியாபாரத்தில் வாடிக்கையாளர்கள் நிறுவனங்கள். தனியார் கம்பெனிகளுக்கு மட்டுமல்லாமல் காவல் துறைக்கும் ராணுவத்துக்கும் பயன்படும் என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது.

இதை வெளியே கொண்டுவந்தது என்பிசி நியூஸ், 2019 மே மாதம். அதன் செய்தியாளர்கள் ஒலிவியா சோலனும் சைரஸ் ஃபாரிவரும், குடும்ப நினைவுகளைச் சேமிக்கும் ஆப்பும் கண்காணிப்புக்கு விற்கப்படும் மென்பொருளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை எழுதினார்கள். அவர்கள் கேள்வி கேட்டு அணுகிய பிறகுதான், இந்தப் பயன்பாட்டைத் தெளிவாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று தனியுரிமைக் கொள்கையில் ஏறியது. அதற்கு முன் இருந்தது, பொருட்களை மேம்படுத்தவும் பயிற்சிக்கும் கோப்புகள் பயன்படலாம் என்ற மாதிரியான பொத்தாம்பொதுவான ஒரு வரி. படித்தாலும் ஒன்றும் புரியாது. புரிந்தாலும் காவல் துறை வரை யாருக்கும் யோசனை போயிருக்காது.

அந்த ஆகஸ்ட்டில் எவர் ஏஐ பாராவிஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2020 ஆகஸ்ட் இறுதியில் ஆல்பம் ஆப்பே மூடப்பட்டது. ஆணையத்தின் உத்தரவு வந்தபோது ஆப் உயிரோடு இல்லை, அது பெற்ற பிள்ளை மட்டும் கடை வைத்திருந்தது.

பெயர் போட்டது யார்

புகார் மனுவில் நான் திரும்பத் திரும்ப வாசித்த பகுதி ஒன்று உண்டு. செய்திகளில் அது அதிகம் பேசப்படவில்லை. பயிற்சிக்கான முகங்களை நிறுவனம் எப்படிப் பொறுக்கியது என்று அங்கே சொல்லியிருக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறிய கணினி நிரல், படங்களைச் சல்லடை போட்டிருக்கிறது. மங்கலாக இருக்கக்கூடாது, மிகச் சிறியதாக இருக்கக்கூடாது, ஒரே படம் இரண்டு முறை வரக்கூடாது. அந்தச் சல்லடையில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: பெயர் போட்டு டேக் செய்யப்பட்ட ஒரே நபருக்குக் குறைந்தபட்சம் இத்தனை படங்களாவது இருக்க வேண்டும். 13 வயதுக்குக் குறைந்தவர் என்று இயந்திரம் கணித்த முகங்களை நான்கில் மூன்று தொகுப்புகளில் விலக்கினார்கள். நான்காவதில் என்ன ஆனது என்பதை நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

டேக் செய்யப்பட்ட நபர் என்ற நிபந்தனை ஏன் முக்கியம்? முகமறிதல் மாடல், அதாவது படங்களைப் பார்த்துப் பழகும் அந்த மென்பொருள், எதைக் கற்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அது விளங்கும்.

ஒரு படத்தைக் கொடுத்ததும் மென்பொருள் முதலில் முகம் எங்கே என்று கண்டுபிடித்து அந்தச் சதுரத்தை வெட்டியெடுக்கும். கண்கள் ஒரே மட்டத்தில் வரும்படி லேசாகத் திருப்பும். பிறகு அந்த முகத்தைச் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றும். இதில் மூக்கின் நீளம் இவ்வளவு, நெற்றி அகலம் இவ்வளவு என்று மனிதருக்குப் புரியும் எண் எதுவும் இருக்காது. ஒரே ஆளின் இரண்டு படங்களுக்கு வரும் எண்வரிசைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும், வேறு வேறு ஆட்களுடையவை தள்ளியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி என்பது இந்த நெருக்கத்தையும் தள்ளுதலையும் கோடிக்கணக்கான முறை செய்து பார்ப்பது. இரண்டு படங்களைக் காட்டி ‘ஒரே ஆள்’ என்பார்கள், மாடல் தன் உள் எண்களைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். இன்னொரு படத்தைக் காட்டி ‘இது வேறு ஆள்’ என்பார்கள், மறுபடியும் திருத்தம்.

‘இது அதே ஆள்தான்’ என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும், அதுதான் இங்கே சிக்கல். பத்து வயதில் ரெட்டை ஜடையோடு நிற்பவரும் முப்பதில் தலைக்கவசம் கழற்றிக்கொண்டு சிரிப்பவரும் ஒருவரே என்று வெளியாள் எவராலும் சொல்ல முடியாது. அம்மாவால் முடியும். அண்ணனால் முடியும். பயிற்சித் தரவில் விலையேறியது படமல்ல, படத்தின் மேல் ஒட்டிய அந்தப் பெயர். இதற்கு ஆள் வைத்துச் செய்யும் நிறுவனங்கள் கூலி கொடுக்கின்றன. எவர் பயனர்கள் தங்கள் பாட்டியையும் மச்சானையும் அடையாளம் காட்டி, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சும்மாவே செய்துகொடுத்தார்கள்.

என் போனின் கேலரியும் இந்தக் கேள்வியைக் கேட்கும், அது வேறு நிறுவனத்துடையது. போன வருடம் எங்கள் ஆத்தாவின் படத்தைக் காட்டி ‘இவர் யார்?’ என்றது. ஒன்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்த ரேஷன் கார்டுப் படம், ஒன்று பேத்தி கல்யாணத்தில் எடுத்தது, ஒன்று கடைசி மாதங்களில் கட்டிலில். மூன்றும் ஒரே ஆள்தானா என்று இயந்திரத்துக்குச் சந்தேகம். நான் ‘ஆம்’ தட்டிவிட்டு ‘ஆத்தா’ என்று பெயரும் போட்டேன். அந்த நிறுவனம் அதை எதற்கும் பயன்படுத்தியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஒரு முகம் இருபது வருடத்தில் எப்படி மாறும் என்ற பாடத்தை மூன்று வினாடியில் நான் எடுத்துவிட்டேன். அது பாடம் என்பதே அப்போது தோன்றவில்லை.

சம்மதம் பற்றி நிறுவனங்கள் பேசும்போது தரவு நம்மிடமிருந்து ‘சேகரிக்கப்படுகிறது’ என்கிறார்கள், ஏதோ காய்ந்த சருகைக் கூட்டி அள்ளுவதுபோல. எவர் விவகாரத்தில் நடந்தது கூட்டி அள்ளுவது அல்ல. உழைப்பு கேட்டு வாங்கப்பட்டது. எதற்கான உழைப்பு என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

கேட்கத் தெரியாமல் இல்லை

அடுத்து வருவது, என் பார்வையில், இந்த வழக்கின் மையம். 2018 மே மாதம் நிறுவனம் ஒரு பாப்-அப்பை, திரையில் எழும் கேள்விப் பெட்டியை, வெளியிட்டது. முகமறிதல் வேண்டுமா வேண்டாமா என்று பயனரிடம் நேரடியாகக் கேட்டது. ஆனால் எல்லாரிடமும் கேட்கவில்லை. இல்லினாய், டெக்சாஸ், வாஷிங்டன் ஆகிய மூன்று அமெரிக்க மாநிலங்களிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இருந்தவர்களிடம் மட்டும் கேட்டது. மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி போய்ச் சேர 2019 ஏப்ரல் ஆனது.

ஏன் இந்த நான்கு இடங்கள்? வரைபடத்தையும் சட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இல்லினாயில் 2008-லிருந்தே உடற்கூறு அடையாளங்களுக்கான தனிச் சட்டம் இருக்கிறது. முக அளவீட்டை எடுப்பதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் பாதிக்கப்பட்ட சாதாரண ஆளே நேராக வழக்குப் போடலாம். இந்தச் சட்டத்தின் கீழ்தான் போட்டோ டேக் விவகாரத்தில் ஃபேஸ்புக் 65 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. டெக்சாஸில் 2009-இல் ஒரு சட்டம், வாஷிங்டனில் 2017-இல் ஒன்று. ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது 2018 மே 25, அதாவது பாப்-அப் வந்த அதே மாதம்.

ஆக, சம்மதம் கேட்பது தொழில்நுட்பரீதியாகக் கடினம், பயனருக்குத் தொந்தரவு, ஆப்பின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்றெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் இங்கே செல்லாது. பாப்-அப் தயாராக இருந்தது. இல்லினாய்க்காரரின் திரையில் அது வந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான இந்தியானாவில் இருப்பவருக்கு வரவில்லை. ஒரே ஆப், ஒரே சர்வர், ஒரே மென்பொருள். கேட்காவிட்டால் செலவாகும் இடத்தில் கேட்டார்கள்.

இதைவிட மோசமானது உதவிப் பக்கத்தில் இருந்தது. 2018 ஜூலையிலிருந்து அந்தப் பக்கம், பயனர் தானே இயக்கினால்தான் முகமறிதல் வேலை செய்யும் என்ற பொருள்படச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு இடங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது பொய். அவர்களுக்கு அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது, அணைக்க வழியும் இல்லை. ஆணையம் பிடித்துக்கொண்டதும் இந்த நூலைத்தான். அமெரிக்காவில் ஐரோப்பாவைப் போல நாடு தழுவிய பொதுத் தனியுரிமைச் சட்டம் கிடையாது. சம்மதம் கேட்காததற்காக மட்டும் ஆணையத்தால் ஒருவரை எளிதில் பிடிக்க முடியாது. ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்தால் ‘ஏமாற்றும் வணிக நடைமுறை’ என்று பிடிக்கலாம். வாய்மூடி இருந்திருந்தால் நிறுவனம் தப்பியிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பொய்யைத் தண்டிக்கிற சட்டம் மௌனத்தை என்ன செய்யும்?

இரண்டாவது குற்றச்சாட்டு எளிமையானது, கேட்டவுடன் கோபம் வருவது. கணக்கை மூடினால் படங்களையும் வீடியோக்களையும் அழித்துவிடுவோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. 2019 அக்டோபர் வரையிலாவது அழிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனவர்களின் ஆல்பங்கள் உள்ளேயே கிடந்தன.

அளவு ஜாக்கெட்

நிறுவனத்தின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். பயனர்களின் படங்களையோ தனிப்பட்ட விவரங்களையோ முகமறிதல் மென்பொருள் வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு அது கொடுக்கவில்லை. இதை ஆணையமும் ஏற்கிறது. ‘உங்கள் படம் எங்களை விட்டு வெளியே போகவில்லை’ என்பது உண்மை. இன்றும் இத்தகைய ஒவ்வொரு சர்ச்சையிலும் நிறுவனங்கள் முதலில் எடுத்து வைக்கும் வாக்கியமும் இதுதான்.

இந்த உண்மையின் எடை எவ்வளவு என்று யோசிக்க எனக்கு டெய்லர் கடைதான் உதவுகிறது. புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது பழைய அளவு ஜாக்கெட் ஒன்றையும் கொடுத்துவிட்டு வருவார்கள். தைத்து முடித்ததும் டெய்லர் இரண்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்போது, தெருவில் உள்ள ஆயிரம் பெண்களின் அளவு ஜாக்கெட்டுகளிலிருந்து அட்டை வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்து அவர் ரெடிமேட் ஆலை ஒன்று ஆரம்பித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜாக்கெட்கூடத் தொலையவில்லை. ‘உங்கள் துணியை யாருக்கும் கொடுக்கவில்லையே’ என்று அவர் சொன்னால் அது சத்தியம். ஆனால் ஆலை எதில் நிற்கிறது?

உவமை ஓரிடத்தில் நொண்டும். அட்டையைக் கையில் எடுத்து, இது இன்னார் அளவு என்று காட்டலாம். பயிற்சி பெற்ற மாடலுக்குள் உங்கள் படம் தனியாக ஓர் இடத்தில் கிடக்காது. லட்சக்கணக்கான முகங்கள் ஒவ்வொன்றும் எண்களைச் சிறிது சிறிதாக நகர்த்தியிருக்கும். எந்த நகர்வு உங்களால் வந்தது என்று பிரித்தெடுக்க எளிய வழி கிடையாது. ஒருவரை மட்டும் ‘மறக்க’ வைக்கும் முறைகளைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. நம்பகமான வழி அவரை விலக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து பயிற்சி கொடுப்பது, அது செலவு பிடித்த வேலை. ஆகவே தரவை அழி என்ற பழைய உத்தரவு இந்தத் தொழிலில் பாதி உத்தரவுதான். அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடு என்பதோடு நின்றுவிடுகிறது.

ஆணையம் அந்த மறுபாதியைத்தான் எழுதியது. கணக்கை மூடியவர்களின் படங்களை அழிக்க வேண்டும். வெளிப்படையாகச் சம்மதம் தராத பயனர்களின் படங்களிலிருந்து எடுத்த முக எண்வரிசைகளை அழிக்க வேண்டும். பயனர்களின் படங்களைக் கொண்டு முழுதாகவோ பகுதியாகவோ உருவான மாடல்களையும் அல்காரிதங்களையும் அழிக்க வேண்டும். இனி முகத் தரவிலிருந்து எண்வரிசை எடுப்பதானாலும் மாடல் வளர்ப்பதானாலும் முன்கூட்டித் தெளிவான சம்மதம் வாங்க வேண்டும். அன்றைய ஆணையர்களில் ஒருவரான ரோஹித் சோப்ரா தனியாக எழுதிய குறிப்பில், ஏமாற்றிப் பெற்ற பலன்களை நிறுவனம் கைவிட வேண்டியிருப்பதை வரவேற்றார். முந்தைய பெரிய வழக்குகளில் கூகுளும் ஃபேஸ்புக்கும் தங்கள் அல்காரிதங்களை வைத்துக்கொள்ள விடப்பட்டதையும் அவர் குத்திக்காட்டினார். சட்டம் இருந்த மாநிலங்களில் மட்டும் இந்த நிறுவனம் கவனமாக நடந்துகொண்டதை அவரும் கவனித்திருந்தார்.

இது முதன்முதல் அல்காரித அழிப்பு உத்தரவு என்று சிலர் எழுதுவது சரியல்ல. 2019 டிசம்பரில், ஃபேஸ்புக் பயனர்களின் தரவை அரசியல் பிரசாரத்துக்கு எடுத்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா மீதான உத்தரவிலேயே, தரவிலிருந்து பிறந்த அல்காரிதங்களையும் அழிக்கச் சொல்லும் வரி இருந்தது. ஆனால் அந்த நிறுவனம் அப்போது திவாலாகிக் கடையைக் கட்டியிருந்தது. நடந்துகொண்டிருக்கும் ஒரு வியாபாரத்தின் முதுகெலும்பில் கை வைத்தது எவர் வழக்குதான். பிறகு குழந்தைகளுக்கான எடைக்குறைப்பு ஆப் கெர்போ, ரிங் வாசல் கேமரா, ரைட் எய்ட் மருந்துக்கடைகள் என்று அடுத்தடுத்த வழக்குகளில் இதே மருந்து எழுதப்பட்டது.

மருந்து வேலை செய்ததா?

ஓரளவு என்றுதான் சொல்வேன். உத்தரவு வருவதற்குள் சுமார் நான்கு வருடங்கள் ஓடிவிட்டன. 2020 செப்டம்பரில் வெளியிட்ட தன் புதிய தலைமுறை மாடலில் எவர் பயனர்களின் தரவு எதுவும் இல்லை என்று பாராவிஷன் சொன்னது. அதாவது அழிக்கச் சொன்னபோது அழிப்பது பழைய சரக்காக இருந்தது. அந்தப் பழைய சரக்கு சம்பாதித்துக் கொடுத்த பெயரும், வாடிக்கையாளர்களும், முதலீடும், பொறியாளர்கள் பெற்ற அனுபவமும் உத்தரவின் வரம்புக்குள் வராதவை. அட்டையைக் கிழித்தாலும் டெய்லரின் கை கற்றுக்கொண்டதை யார் கிழிப்பது? முதல் தடவை மீறுபவர்மீது இந்த மாதிரி வழக்கில் அபராதம் போடும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. அழித்தேன் என்று உறுதிமொழி கொடுப்பதும் நிறுவனமேதான்.

ஆனாலும் பணத்தால் வராத ஒரு பயத்தை இந்த உத்தரவு தொழிலுக்குள் கொண்டுவந்தது. அபராதம் என்றால் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு, முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடலாம். மாடலே போய்விடும் என்றால், பயிற்சிக்குள் எந்தப் படம் எங்கிருந்து வந்தது, யார் எப்போது எதற்குச் ‘சரி’ சொன்னார் என்று பதிவு வைக்க வேண்டிய கட்டாயம் பொறியாளருக்கே வருகிறது. சம்மதம் என்பது வக்கீல் எழுதும் பக்கத்திலிருந்து இறங்கி, தரவுத்தொகுப்பில் ஒரு பத்தியாக உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாடல்களின் காலத்தில் கேள்வி திசை மாறியிருக்கிறது. ‘சேர்க்கலாமா?’ என்று முன்னால் கேட்பது போய், ‘வேண்டாமென்றால் வந்து சொல்லுங்கள்’ என்பது வழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவில் பயனர்களின் பொதுப் பதிவுகளை வைத்துப் பயிற்சி கொடுக்கப்போவதாக ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்ததும், 2024 ஜூனில் அயர்லாந்துத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தலையீட்டில் அதை நிறுத்தி வைத்ததும், 2025 மே 27 அன்று மீண்டும் தொடங்கியதும் இதற்கு உதாரணம். அதற்கு நான்கு நாள் முன்பு ஜெர்மனியின் கோல்ன் உயர் மண்டல நீதிமன்றம் தடை விதிக்க மறுத்திருந்தது. மெட்டா நம்பியது சம்மதத்தை அல்ல, ‘நியாயமான நலன்’ என்ற வேறொரு சட்டக் காரணத்தை. விரும்பாதவர் ஒரு படிவத்தை நிரப்பி ஆட்சேபம் சொல்ல வேண்டும். படிவத்தைத் தேடி நிரப்பியவர் எத்தனை பேர் இருப்பார் என்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செட்டிங்கை மாற்றச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே இது நடந்தால்

நம் ஊர்ப் பயனர் இந்த வழக்கைப் படிக்கும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டியது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தச் சட்டம் கறாராகவே சொல்கிறது. சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமின்றித் தர வேண்டும். சட்டத்துக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்று, சிகிச்சைக்கான விவரங்களோடு போனில் உள்ள தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆலோசனைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், அவர் சரி சொல்லியிருந்தாலும் சம்மதம் சிகிச்சை விவரங்களோடு நின்றுவிடும். எவர் வழக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஆல்பம் ஒழுங்குபடுத்தச் சொன்ன சரி, காவல் துறைக்குப் பயன்படும் என்று விளம்பரப்படுத்திய மென்பொருள் வரை நீளாது.

அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். தமிழும் அதில் உண்டு. எவர் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ‘உங்கள் வீட்டாரின் முகங்களையும் நீங்கள் போட்ட பெயர்களையும் கொண்டு ஒரு மென்பொருளைப் பழக்கப்போகிறோம். அதைப் போலீஸ் உள்படப் பலருக்கு விற்போம். சம்மதமா?’ பதினாறே வார்த்தைகள். பாப்-அப்பில் தாராளமாக அடங்கும். எங்கள் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். முடிக்கும் முன்பே, ‘எதுக்குடா அவங்களுக்கு?’ என்றார்.

இடறும் இடங்களும் இருக்கின்றன. சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதற்கு முன் நடந்த பயன்பாடு செல்லும் என்கிறது சட்டம். அடிப்படைச் சம்மதம் ஒழுங்காக வாங்கியிருந்தால், நேற்று பயிற்சி பெற்ற மாடலை இன்றைய மறுப்பு தொடாது. சம்மதமே வாங்காமல் பயிற்சி கொடுத்தால்? 50 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். கற்றுக்கொண்ட மாடலை அழி என்று எவர் உத்தரவைப் போல நேரடியாகச் சொல்லும் வரி சட்டத்தில் இல்லை. பணம் கட்டிவிட்டு அட்டையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டெய்லர் கணக்குப் போட இடமிருக்கிறது. பொதுவெளியில் ஒருவர் தானே வெளியிட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் உண்டு, அதைத் தனியாக ஒரு நாள் பேசலாம்.

எனக்கு இன்னும் விடை கிடைக்காதது ஆத்தா விஷயம். எவர் உத்தரவு பேசியதெல்லாம் பயனர்களின் சம்மதத்தைப் பற்றி. படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பயனர்கள் அல்ல. கல்யாண வீட்டில் பின்வரிசையில் நின்றவர், பள்ளிக் குழுப்படத்தில் மூன்றாவதாக நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆப் என்றால் என்னவென்றே தெரியாமல் போய்ச் சேர்ந்த கிழவி. நம் சட்டம் இதில் ஓர் அடி முன்னால் நிற்கிறது. சம்மதம் சொல்ல வேண்டியவர் தரவு யாரைப் பற்றியதோ அவர், படத்தை ஏற்றியவர் அல்ல. சொந்தத் தேவைக்காகப் படத்தை வைத்திருக்கும் எனக்கு விலக்கு உண்டு, அதை எடுத்து மாடலைப் பழக்கும் நிறுவனத்துக்குக் கிடையாது. எழுத்தில் இது தெளிவாக இருக்கிறது. நடைமுறையில், பின்வரிசைக்காரரிடம் பாப்-அப் எப்படிப் போகும்? அவர் முகத்தை வைத்து அவர் யாரென்று முதலில் கண்டுபிடித்தால்தானே அவரிடம் கேட்க முடியும்?

கேலரியில் ‘ஆத்தா’ என்ற பெயரின் கீழ் இப்போது 41 படங்கள் சேர்ந்திருக்கின்றன. பெயரை எடுத்துவிடலாமா என்று ஒருமுறை உள்ளே போனேன். எடுத்தால் இனி அவர் படத்தைத் தேடி எடுக்க முடியாது. விட்டுவிட்டேன்.